உள்ளே மெஷின் ஓடுகிறது

மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியைத் துணியால் மூடி ஓட்டுவதுபோல. தஸ்நேவிஸ் ஹாலில் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கதவைப் பார்த்து உட்கார்ந்தால் கதவையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று தோன்றியது. திருப்பிப் போட்ட பிறகும் முதுகால் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து ஜெனோவா, "சும்மா இருக்கதுக்குப் பேப்பராவது வாசிங்களேன்" என்றாள். "வாசிச்சாச்சு" என்றார். "மடிப்புகூட பிரியலயே" என்றாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. மற்ற நாளில் இந்நேரத்துக்கு அவை மகள் ஆக்ஸிலியாவின் முதுகுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். மெஷின் புகையாக்கித் தரும் மருந்தை மாஸ்க் வழியாக இழுத்து முடித்ததும் அவள் கதவைத் திறந்து "அப்பா" என்பாள், இவர் போவார், அவள் தலையணைகளை இடுப்புக்குக் கீழே அடுக்கித் தலை தாழக் குப்புறப் படுப்பாள், இவர் உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்துத் தட்டுவார். டொப் டொப் என்று உள்ளே பொந்து இருப்பதுபோலச் சத்தம் வரவேண்டும், சட் சட் என்றால் பிள்ளைக்கு வலிக்கிறது என்று அர்த்தம். சென்னையில் அந்தப் பிசியோதெரபி டாக்டர் இவர் கையைத் தன் கையில் பிடித்துக் குவித்துக் காட்டினபோது ஆக்ஸிலியா இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தை. இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். இடையில் ஒரு காலையும் இந்தக் கை சும்மா கிடந்ததில்லை, கிறிஸ்துமஸ் காலையிலும் தட்டிவிட்டுத்தான் பூசைக்குப் போனார்கள். இன்றுதான் சும்மா கிடக்கிறது. இனி நானே பாத்துக்கறேன், தட்ட வேண்டாம், மூச்சை வச்சே சளியக் கொண்டுவர முடியும், கத்துக்கிட்டேன், நீங்க வெளிய இருங்க, முடிச்சிட்டியான்னு மட்டும் கேக்காதீங்க என்றாள். கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபமாக இருந்தது. சொன்னது நேற்றுச் சாயங்காலம், அப்போது மெஷின் ஓடவில்லை.

சத்தம் ஒரே சீராக இருக்கிறது. ஒரே சீராக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. உள்ளே மருந்து இருந்தாலும் இந்தச் சத்தம்தான், இல்லாவிட்டாலும் இந்தச் சத்தம்தான். அதை நினைக்கவேண்டாம். வேறு எதையாவது நினைக்கலாம். தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, பெண்கள் குடத்தோடு வருகிறார்கள், எதிர்வீட்டுச் சுவரில் காகம் எதையோ கொத்துகிறது, காகத்துக்கு இருமல் வருமா, வந்தால் யார் தட்டுவது. என்ன நினைப்பு இது. இருமல் இல்லாமல் ஒரு நினைப்பு வருமா என்றால் வராது. ஆக்ஸிலியா பிறந்தபோது இருமல் இல்லை. பால் குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள், எடை மட்டும் ஏறவில்லை. அப்போது இவர் டிரெய்லர் ஓட்டினார், உப்பு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனால் திரும்பி வர வாரமாகும். ஒரு தடவை வந்தபோது ஜெனோவா பிள்ளையின் நெற்றியில் முத்தங்கொடுத்துவிட்டு நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். "பிள்ள நெத்தி உப்பாக் கரிக்குங்க." இவர் சிரித்தார். "உப்பு லோடு அடிக்கவனக் கட்டிக்கிட்டா உலகமே உப்பாத்தான் இருக்கும்." தூத்துக்குடியில் எதுதான் உப்பில்லை. கதவுக் கீல் உப்பு, துவைத்துக் காய்ந்த சட்டை உப்பு, காற்று உப்பு. வேறு எந்த ஊரிலாவது பிறந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்களோ என்னவோ. ஒருவர் ஆஸ்துமா என்றார், ஒருவர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார், ஒருவர் காசநோய் மாத்திரை கொடுத்தார், பிள்ளை அதையும் விழுங்கினாள். கடைசியில் சென்னையில் அந்த வயதான டாக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "குழந்தைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?" ஜெனோவா இவரைப் பார்த்தாள். இவர் ஜெனோவாவைப் பார்க்கவில்லை. வியர்வையை எடுத்துச் சோதித்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருகிறது, தொற்றாது, போகாது. நமக்கெல்லாம் நெஞ்சுக்குள் தண்ணீராக ஊறுவது இவளுக்குக் கோந்தாக ஊறும், அந்தக் கோந்தில் கிருமி உட்கார்ந்துகொள்ளும், தினமும் அதை இளக்கி வெளியே கொண்டுவரவேண்டும், எத்தனை நாளைக்கு டாக்டர், தினமும். டிரெய்லர் சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தார். காலையில் வீட்டில் இருக்கிற வேலையாக வேண்டும் என்றார். உப்பு கம்பெனி எடைமேடைக் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்தார்கள், லாரி ஏறும், எண் தெரியும், சீட்டுக் கொடுப்பார், லாரி இறங்கும்.

அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொன்னார். எம் பிள்ள ஒரு நாள் தவற விட்டதில்ல. கோயில் வாசலில் சொன்னார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். ஊசி போடும்போதுகூட அழமாட்டா, சிங்கக்குட்டி. அவள் பக்கத்தில்தான் நிற்பாள். சிரிப்பாள். பந்தியில் இலை போட்டதும் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, பேசிக்கொண்டே, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள். அது இல்லாமல் ஒரு வாய் சோறு செரிக்காது அவளுக்கு, ஒரு பிஸ்கட் தின்பதற்கும் வேண்டும். பிள்ளைகள் அதென்ன அதென்ன என்று கேட்டால் "எனக்குப் பசி எடுக்க லைசென்ஸ்" என்பாள். அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் சென்னையில் அன்றைக்கு, இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊதிப் பார்க்கும் கருவியில் அவள் ஊதினது இவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் காட்டியபோது இவருக்கு மருந்தின் மேல்தான் கோபம் வந்தது. டாக்டருக்கும் அப்படித்தான் பட்டது. "மருந்து கேக்கல போல. மாத்திப் பாப்போம். அட்மிட் பண்ணி ஊசியிலயும் குடுப்போம்" என்று பேனாவை எடுத்தார். ஆக்ஸிலியா நாற்காலி நுனிக்கு வந்தாள். "மாத்தாதீங்க டாக்டர். மருந்து மேல தப்பில்ல. நான் போடல." டாக்டர் நிமிர்ந்தார். "எப்பம்மா போடல?" "காலைலயும் போடல, சாயங்காலமும் போடல. கதவச் சாத்திட்டு மெஷினப் போட்டு விட்டுருவேன். கப்புல மருந்து இருக்காது. சத்தம் மட்டும் வரும்." இவர் "மக்கா" என்றார். "அந்த நேரத்துல என்ன செய்வ?" என்று டாக்டர்தான் கேட்டார். "ஃபேனப் பாத்துப் படுத்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருக்கும் பேஷண்ட் இல்ல." டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். திட்டுவார் என்று இவர் எதிர்பார்த்தார், திட்டவேண்டும் என்றுகூட நினைத்தார். "சொன்னியே, அதுவே பெரிசு" என்றார் அவர்.

அதுவே பெரிசு. அந்த வார்த்தையை அன்று இவரால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என்ன பெரிசு. அத்தனை நாள் நான் எதைத் தட்டினேன். இளகாத சளியின் மேல் தட்டிக்கொண்டிருந்தேன், காய்ந்த களிமண்ணை உள்ளங்கையால் தட்டுவதுபோல, அவளும் பேசாமல் குப்புறப் படுத்திருந்தாள், முடிந்ததும் "தேங்க்ஸ்ப்பா" என்றாள். திரும்பி வரும் ரயிலில் அந்தத் தேங்க்ஸ்தான் நெஞ்சில் நின்று குத்தியது. மதுரை தாண்டினதும் கேட்டுவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா." அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்ககிட்ட எப்படிப்பா சொல்ல? நீங்க எல்லார்ட்டயும் எம் பிள்ள ஒரு நாள் தவற விட்டதில்லன்னு சொல்லிட்டிருக்கீங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டிருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. இவரைப் பார்த்து இரக்கப்பட்டதுபோல இருந்தது. அதுதான் தாங்கவில்லை. பிறகு ரயில் கோவில்பட்டியில் நின்றது, கடலைமிட்டாய் வாங்கலாமா என்று கேட்டாள், வாங்கினார், மாத்திரையைப் போட்டுக்கொண்டு தின்றாள், நெய்யும் சர்க்கரையும் நிறையச் சாப்பிடவேண்டிய உடம்பு. இவர் வாயிலும் ஒரு துண்டை வைத்தாள்.

சத்தம் மாறிற்றா? இல்லை. லாரித் தண்ணீர்ச் சத்தம். உள்ளே மெஷின் அதே சீரில்தான். இப்போது இழுத்துக்கொண்டிருப்பாள். அல்லது ஃபேனைப் பார்த்து. இல்லை, இழுத்துக்கொண்டிருப்பாள். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, அதற்கப்புறம் உப்புத்தண்ணி, வேடிக்கைதான், உப்புக் கரிக்கிற பிள்ளைக்கு உப்புத்தண்ணியே மருந்து. சென்னை டாக்டர் சொல்லி, ஊரிலேயே ஒரு மனநல டாக்டரம்மாவிடம் ஆக்ஸிலியாவோடு போனபோது இவர் மாடிப்படியில் நின்றுவிட்டார். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது கிளினிக், போர்டில் எழுதியிருந்ததை யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றிருந்தது. "உனக்கு என்ன மக்கா, பைத்தியமா?" ஆக்ஸிலியா இரண்டு படி மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நெஞ்சுக்கு ஒரு டாக்டர் இருக்கார், வயித்துக்கு ஒரு டாக்டர் இருக்கார். இவங்க மனசுக்கு. ஏறுங்கப்பா, பின்னால ஆள் வருது." ஏறினார். அந்த அம்மா சின்னப் பெண்ணாக இருந்தாள். ஒரு நாளில் இந்த நோய்க்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டாள். இவர் சொல்ல ஆரம்பித்தார். "நீங்க இல்ல சார். அவங்க சொல்லட்டும்." ஆக்ஸிலியா சொன்னாள். எழுந்ததும் இழுப்பது, அப்புறம் தட்டுவது, அப்புறம் இருமுவது, அப்புறம் கப்பைக் கழுவி வெந்நீரில் போட்டு எடுப்பது, அப்புறம்தான் டிபன், அதற்கு மாத்திரை, காலேஜில் சாப்பாட்டுக்கு மாத்திரை, வந்ததும் மறுபடி இழுப்பது, மறுபடி தட்டுவது, மறுபடி கழுவுவது. வைட்டமின். வெயில் காலத்தில் உப்பு. யாராவது பக்கத்தில் தும்மினால் நகர்ந்து உட்கார்வது. சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "இதெல்லாம் ஒழுங்காச் செஞ்சா என்ன கிடைக்கும்னா, நாளைக்கும் இதையே செய்யலாம்." இவருக்கு எழுந்து ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது, அப்படிச் சொல்லக்கூடாது மக்கா, மாதா இருக்காங்க, நீ சிங்கக்குட்டி. நாக்கு நுனிவரை வந்தது. வரும்போதே அது எவ்வளவு அசிங்கமான வார்த்தை என்று முதல்முறையாகத் தெரிந்தது. அந்த அம்மாவும் ஆக்ஸிலியாவும் பல நாள் பேசினார்கள். சென்னை டாக்டரிடமும் போனில் பேசினார்கள். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது, எதை அவள் தன் கையில் எடுத்துக்கொள்வாள் என்று. அந்த அம்மா ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தாள், மனச்சோர்வுக்கு. இவர்கள் கிளம்பும்போது இவரிடம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்றாள். "எனக்கென்ன, நல்லாருக்கேன்." ஆக்ஸிலியா இவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆனால் நினைக்க நினைக்க அந்தச் சென்னை அறைக்குத்தான் மனசு போகிறது. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். எழுதியிருந்தால் முடிந்தது, மருந்தின் மேல் பழி, இவளுக்கு ஒன்றுமில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது, நான் இன்னும் கூண்டுக்குள் உட்கார்ந்து பெருமை பேசிக்கொண்டிருப்பேன். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. அவளாக வாயைத் திறந்தாள், பெற்றவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த நெஞ்சில் காற்று கம்மி என்று கருவி காட்டுகிறது. அந்த நெஞ்சிலிருந்துதான் அது வந்தது. ஊரெல்லாம் நான் சொன்ன பெருமை ஒன்றும் பெருமையே இல்லை, சொல்லவேண்டியது இதுதான், ஆனால் இதை யாரிடம் சொல்ல. போன வாரம் ஒரு போன் வந்தது, விருதுநகர்ப் பக்கம் ஒரு தாய், பிள்ளைக்கு இதே நோய் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது, யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிலியா பால்கனியில் நின்று பேசினாள். மாத்திரைக்குள்ள இருக்க உருண்டைய மசிச்ச வாழப்பழத்துல வச்சுக் குடுங்கக்கா, மெல்ல விடாதீங்க, அப்படியே முழுங்கட்டும். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். "அழுதா அழட்டும்க்கா. தைரியசாலின்னு மட்டும் சொல்லிராதீங்க. அப்புறம் அழ இடமில்லாமப் போயிரும்." துணி காயப்போட வந்த இவர் ஈரத்துணியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை, முகம் தெரியாத ஒருத்திக்கு, அவள் பிள்ளைக்கு அழ இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மெஷின் நின்றது.

இவ்வளவு சீக்கிரம் முடியாது. உப்புத்தண்ணி பாதிகூடத் தீர்ந்திருக்காது. நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறாள். இல்லை, ரத்தம், ஒருதரம் வாஷ்பேசினில் கோடுபோல வந்ததே அதுபோல, கத்தத் தெம்பில்லாமல் பேசினைப் பிடித்துக்கொண்டு. எழுந்துவிட்டார். எப்படி நடந்தார் என்று தெரியவில்லை, கதவுக்கு முன்னால் நிற்கிறார், கை மேலே போய்விட்டது, முடிச்சிட்டியா என்கிற வார்த்தை தொண்டைக்குழியில் உட்கார்ந்திருக்கிறது. கேட்கமாட்டேன் என்று சொன்னோம். தட்டினால் என்ன, தகப்பன்தானே. தட்டினால் அவள் திறப்பாள், திறந்து சிரிப்பாள், நாளையிலிருந்து மறுபடி கதவுக்கு உள்ளே வெறும் மெஷின் ஓடும். தட்டாவிட்டால். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கழுத்திலிருந்து வியர்வை முதுகுக்குள் இறங்கிற்று. இந்தக் கதவு இவ்வளவு மெல்லிசு, ஒரு உதை தாங்காது. கையை இறக்கவும் முடியவில்லை, தட்டவும் முடியவில்லை. அடுப்படியிலிருந்து ஜெனோவா, "ஏங்க, கரண்டு போயிட்டு. இன்வெர்ட்டர் பேட்டரிய வாங்கிட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்?" என்றாள். தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹால் ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே நேரம் கதவு திறந்தது. ஆக்ஸிலியா நின்றாள், மாஸ்க் நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது, மூக்கைச் சுற்றி அதன் சிவப்பு வட்டம்.

"என்னப்பா, டிராபிக் போலீஸ் மாதிரி நிக்கீங்க?"

கையை இறக்கினார். அவள் வெளியே வந்து தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கதவு திறந்தே கிடந்தது. மேஜைமேல் மெஷின், அதன் குழாய், குழாய் நுனியில் அந்தக் கப். இங்கிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அதில் மருந்து இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு எட்டுத்தான். தஸ்நேவிஸ் எட்டிப் பார்க்கவில்லை. முட்டி மடக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார். ஃபேன் இல்லாத ஹாலில் இரண்டு பேருக்கும் வியர்த்தது. "அலுப்பா இருக்குப்பா" என்றாள் அவள். இதற்கு இவரிடம் எத்தனையோ பதில் இருந்தது, வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியவை, ஒவ்வொன்றாக வாய்வரை வந்து திரும்பிப் போயின. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்.

"எனக்குந்தான் மக்கா."

"என்ன உங்களுக்குந்தான்?"

"அலுப்பா இருக்கு. விடிஞ்சாலே பயமா இருக்கு. நேத்து எடைமேடைல உக்காந்து அழுதுட்டேன். லாரி ஏறி நிக்குது, நான் எண்ணப் பாத்துட்டு அழுதிட்டிருக்கேன். அந்த டிரைவர் எறங்கி வந்து கண்ணாடியத் தட்டி, 'அண்ணாச்சி, லோடு அவ்வளவுக்கா கொறையுது'ங்கான்."

ஆக்ஸிலியா ஒரு நொடி இவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாயைப் பொத்தினாள், முடியவில்லை, "அய்யோப்பா" என்று முட்டியில் தலையைக் குத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு உள்ளே எங்கேயோ போய் இடித்து இருமலாகத் திரும்பி வந்தது, ஆழத்திலிருந்து, கரகரவென்று. இவர் கை இரண்டும் தாமாகக் குவிந்துகொண்டு அவள் முதுகுக்குப் போயின. அவள் குனிந்தபடியே உள்ளங்கையைக் காட்டினாள். இருங்க. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினாள், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து ஹா என்று ஊதினாள், மறுபடி ஊதினாள், ஒருமுறை இருமினாள். வந்தது. டிஷ்யூவில் துப்பி, எப்போதும்போல நிறம் பார்த்தாள், மடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் சிவந்திருந்தது. "எவ்வளவு வந்திருக்கு பாருங்க" என்றாள். யாரும் தட்டவில்லை. ஜெனோவா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்று, தரையில் உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கரண்டு வந்தது. அறைக்குள் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. ஆக்ஸிலியா சுவரைப் பிடித்து எழுந்தாள். "பாதி இருக்கு இன்னும்" என்று மாஸ்கைக் கீழே இழுத்தாள், மறுபடி மேலே தள்ளினாள். "நீங்க அந்த டாக்டரம்மாட்ட போகணும்ப்பா. எனக்காக இல்ல, உங்களுக்கு."

"சனிக்கிழம போறேன். நீ வாறியா?"

"வாறேன். வெளிய உக்காந்திருக்கேன். உள்ள என்ன பேசுனீங்கன்னு கேக்கமாட்டேன்." கதவைப் பிடித்துக்கொண்டு, "கெளம்புங்க, லாரி நிக்கும்" என்றாள்.

"நீ முடிக்க வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "சரி" என்றார். கதவு மூடிக்கொண்டது. சட்டையை மாட்டினார், ஒரு பொத்தான் தப்பிற்று, அவிழ்த்து மறுபடி போட்டார். பைக் சாவி ஆணியில் தொங்கியது. அவள் மருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது இவர் வீட்டைவிட்டு இறங்கியதே இல்லை, இறங்கமுடியும் என்று நினைத்ததும் இல்லை, கால் இறங்கியது. செருப்பைப் போடும்போது ஜெனோவா பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "முடிச்சிட்டாளா?" என்றாள்.

"தெரியாது ஜெனோ" என்றார். பைக்கை உதைத்தார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.